கிரேடியஸ் ஆடத் தொடங்குகிறவர்களுக்கு: கேப்சூல் கணக்கு முதலில், சுடுவது பிறகு

விண்கப்பலை ஓட்டிக்கொண்டே எதிரிகளைச் சுடும் பழைய வீடியோ கேம் கிரேடியஸ். அதில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். முதல் ஸ்டேஜில் ஆயுதம் சேர்ந்துகொண்டே போகும், முகத்தில் சிரிப்பு வரும். ஒரே ஒரு குண்டு படும். சேர்த்தது மொத்தமும் போய், வெறுங்கையோடு பழைய இடத்தில் நிற்பீர்கள். அடுத்த இரண்டு நிமிடத்தில் மிச்ச உயிர்களும் காலி. "சவத்த விடு, நமக்குக் கை வேகம் பத்தல" என்று மூடி வைத்துவிடுவார்கள்.

கை வேகத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பாளையங்கோட்டையில் செல்போனில் ஃப்ரீ ஃபயர் விளையாடிக் கை பழகிய பையன்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இந்த விளையாட்டில் எதிரியைச் சுட்டால் கிடைக்கும் கேப்சூல்தான் காசு; அதை வைத்துத்தான் ஆயுதம் வாங்க வேண்டும். எதை எப்போது வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று தெரிந்தால் முதல் மூன்று ஸ்டேஜை சாதாரணக் கையோடு தாண்டலாம். அதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

## 1. எந்தப் பதிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கீழே சொல்வதெல்லாம் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ஆர்கேட் கிரேடியஸுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் வந்ததற்கு. சில நாடுகளில் இதற்கே நெமிசிஸ் என்று பெயர். பெயரைப் பார்த்து வேறு விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

பழைய டிவி கேம் பெட்டியில், நூறு விளையாட்டு இருப்பதாகப் போட்டிருக்கும் கேசட்டில் வருவது 1986-இன் ஃபேமிகாம் பதிப்பு, அதாவது நின்டெண்டோவின் வீட்டு கேம் பெட்டிக்கு வந்தது. அதில் ஆப்ஷன் (கப்பலோடு கூடவே வந்து சுடும் துணை) இரண்டுக்கு மேல் கிடைக்காது, லேசரும் குட்டையாக இருக்கும். அதில் பழகிவிட்டு ஆர்கேட் பதிப்புக்கு வந்தால் கணக்கு இடிக்கும்.

நேர்வழியில் வாங்க மூன்று வழி உண்டு:

- 2019-இல் வந்த கொனாமியின் ஆர்கேட் கிளாசிக்ஸ் தொகுப்பு. எட்டு விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. கம்ப்யூட்டரிலும் ஓடும்.
- ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் வரிசையில் தனியாக வருவது. பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் இரண்டுக்கும் உண்டு. ஐந்து நிமிடம் மட்டும் ஆடும் கேரவன் முறை இதில் இருக்கிறது. தொடக்கப் பயிற்சிக்கு அருமை.
- 2025 ஆகஸ்டில் வந்த கிரேடியஸ் ஆரிஜின்ஸ். பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி, பயிற்சி முறை இரண்டும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கம்ப்யூட்டர் இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்குவது சுலபம். ஒரு மின்னஞ்சல், ஒரு செல்போன் எண், யூபிஐ அல்லது வங்கி அட்டை போதும். விலை ரூபாயிலேயே காட்டும். தள்ளுபடி அடிக்கடி வரும், அவசரம் இல்லை என்றால் காத்திருங்கள்.

ஸ்டீமின் திருப்பிக் கொடுக்கும் விதியை வாங்குமுன் படித்துவிடுங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால்தான் பணம் திரும்ப வரும். விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் சேர்ந்து ஓடும். பிடிக்கவில்லை என்றால் இரண்டு மணி ஆவதற்குள் மூடிவிட்டு விண்ணப்பியுங்கள். ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்கள் பக்கம் போக வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், கூடவே வரும் வைரஸ் இன்னொரு பக்கம்.

## 2. திரை, கன்ட்ரோலர், கரன்ட்

டிவியில் ஆடினால் முதல் வேலையாக கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்றும் வேலையை டிவி செய்யும்போது, நீங்கள் அழுத்தியதற்கும் கப்பல் நகர்வதற்கும் நடுவே தாமதம் விழும். நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் விளையாட்டில் பத்தில் ஒரு நொடித் தாமதம் என்றால் ஆறு ஃபிரேம். குண்டு கண்ணுக்குத் தெரிந்தும் தப்ப முடியவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை டிவியில்தான்.

படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பாதீர்கள். 4:3 அளவிலேயே வையுங்கள். இழுத்தால் கப்பல் பக்கவாட்டில் வேகமாகவும் மேலே கீழே மெதுவாகவும் போவதுபோலத் தெரியும், தூரக் கணிப்பு கெடும்.

ப்ளூடூத் வேண்டாம். வயர் வைத்த யூஎஸ்பி கேம்பேட் ஆயிரம் ரூபாய்க்குள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது திசைக்கட்டையைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். மேலே அழுத்தும்போது பக்கவாட்டிலும் சேர்ந்து அழுந்தினால் அந்தக் கட்டை இதற்கு ஆகாது. நேராக மேலே போக வேண்டிய கப்பல் சாய்ந்து போய்ச் சுவரில் மோதும். வேறு வழி இல்லையென்றால் கீபோர்டே மேல்.

ஆர்கேட் பதிப்பில் மூன்று பட்டன்: சுட ஒன்று, மிசைலுக்கு ஒன்று, வாங்க ஒன்று. சுடுவதையும் மிசைலையும் ஒரே பட்டனில் வைக்கப் பதிப்பு இடம் கொடுத்தால் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் பட்டன் மட்டும் தள்ளி, தெரியாமல் விரல் படாத இடத்தில் இருக்கட்டும். ஏன் என்று நான்காவது படியில் புரியும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில், காலை ஒன்பது மணியை ஒட்டி ஆட உட்காராதீர்கள். கரன்ட் போனால் சேமிக்காத ஆட்டம் போச்சு. ஏழு ஸ்டேஜும் ஒரு சுற்று ஓட அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும், அதற்கேற்ப நேரம் பாருங்கள். அசல் இயந்திரம் சிலவற்றில் நினைவகம் சூடேறும் வரை பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்களாம். சித்திரை வெயிலில் மேலப்பாளையத்தில் அதை வைத்திருந்தால் அந்தக் காத்திருப்பே தேவைப்பட்டிருக்காது.

## 3. விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள்

திரையின் அடியில் ஆறு கட்டம் உள்ள மீட்டர் இருக்கும். சிவப்புக் கேப்சூல் ஒன்றை எடுத்தால் வெளிச்சம் ஒரு கட்டம் நகரும். வாங்கும் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் நிற்கும் கட்டத்தில் உள்ள பொருள் உங்களுக்கு, மீட்டர் காலி. ஆக, விலை இப்படி:

- ஸ்பீட் அப்: 1 கேப்சூல்
- மிசைல்: 2
- டபுள் (மேல்நோக்கிச் சாய்வாகவும் சுடும்): 3
- லேசர்: 4
- ஆப்ஷன்: 5
- கேள்விக்குறி, அதாவது கவசம்: 6

கேப்சூல் வருவது இரண்டு இடத்திலிருந்து. நிறம் மாறி வரும் தனி எதிரியைச் சுட்டால் ஒன்று. கூட்டமாக வரிசையில் வருகிறவற்றை முழுக்கச் சுட்டால் ஒன்று. வரிசையில் ஒன்று தப்பினாலும் கேப்சூல் கிடையாது. அதனால் பாதி வரிசையைத் தவறவிட்ட பிறகு மிச்சத்தைத் துரத்திப் போவது வீண் ஆபத்து.

நீலக் கேப்சூலும் எப்போதாவது வரும். அதை எடுத்தால் மீட்டர் நகராது. திரையில் இருக்கும் சிறிய எதிரிகள் எல்லாம் வெடிக்கும். நெருக்கடியான இடத்துக்கு முன்னால் வந்தால் உடனே எடுக்காமல், கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருந்து, கூட்டம் சேர்ந்ததும், அது திரையை விட்டுப் போகுமுன் எடுங்கள்.

## 4. வாங்கும் வரிசை

எல்லாம் முழுசாக வேண்டுமென்றால் மொத்தம் 34 கேப்சூல். புதியவருக்கு நான் சொல்லும் வரிசை, அடைப்புக்குள் அதுவரை ஆன மொத்தச் செலவு:

ஸ்பீட் (1), மிசைல் (3), இன்னொரு ஸ்பீட் (4), ஆப்ஷன் (9), லேசர் (13), இரண்டாவது ஆப்ஷன் (18), மூன்றாவது (23), நான்காவது (28), கடைசியில் கவசம் (34).

லேசரை விட ஆப்ஷன் ஏன் முதலில்? விலை ஒன்றுதான் கூட. ஆனால் ஆப்ஷன் வந்ததும் உங்கள் குண்டும் மிசைலும் இரட்டிப்பாகிவிடும். பிறகு வாங்கும் லேசரும் இரண்டாகவே வரும்.

இனி பணம் தொலையும் இடங்கள்.

ஸ்பீடை மூன்றுக்கு மேல் வாங்குவது. வாங்கிய வேகத்தைத் திருப்பிக் கொடுக்க வழி கிடையாது, செத்தால்தான் குறையும். ஆரம்பத்தில் கப்பல் பைய போவதைப் பார்த்து எரிச்சலில் நாலைந்து ஸ்பீட் வாங்கிவிடுவார்கள். திறந்த வெளியில் ஜோராக இருக்கும். குகைக்குள் நுழைந்ததும் லேசாகத் தொட்டாலே பாறையில் மோதும். இரண்டே போதும்.

லேசர் வைத்திருக்கும்போது மூன்றில் அழுத்துவது. டபுளும் லேசரும் சேர்ந்து இருக்காது. ஒன்றை வாங்கினால் மற்றது போகும். அடுத்த ஆப்ஷனுக்காக மூன்று கேப்சூல் சேர்த்து, பதற்றத்தில் விரல் பட்டுவிட்டால் லேசருக்குப் போட்ட நாலும் போச்சு, இந்த மூன்றும் போச்சு. வாங்கும் பட்டனைத் தள்ளி வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

ஏழாவது கேப்சூல். கவசக் கட்டத்தில் வெளிச்சம் நிற்கும்போது இன்னொன்றை எடுத்தால் வெளிச்சம் சுற்றி ஸ்பீடுக்கு வந்துவிடும். ஆறு கேப்சூல் மதிப்பு ஒன்றாகிவிட்டது. ஆறில் நிற்கும்போது கேப்சூல் கண்ணில் பட்டால் ஒதுங்கிப் போங்கள். காசைக் கண்டும் குனியாமல் போவது கஷ்டம்தான், பழகிக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி முடித்த பொருளின் கட்டம் வெறுமையாகிவிடும். அங்கே அழுத்தினால் ஒன்றும் நடக்காது, நஷ்டமும் இல்லை. இதை வைத்து ஒரு நல்ல உத்தி உண்டு. கவசம் போட்டிருக்கும்போதே மறுபடி ஆறு சேர்த்து அந்த வெற்றுக் கட்டத்தில் வெளிச்சத்தை நிறுத்தி வையுங்கள். அடிபட்டுக் கவசம் தேய்ந்து போன நொடியில் அழுத்தினால் புதுக் கவசம் தயார்.

கவசத்தைப் பற்றி ஒன்று: அது முன்பக்கம் மட்டும்தான் காக்கும். மேலிருந்து, கீழிருந்து, பின்னாலிருந்து வருவதற்கு அது இல்லாத மாதிரிதான். அதை நம்பிப் பாறையை உரசிப் போகாதீர்கள். இன்னொன்று, உங்கள் ஆயுதம் கூடக் கூட எதிரிகள் சுடுவதும் கூடும். அதனால் ஒரு ஆப்ஷனோடு தாண்டிய இடம் நான்கு ஆப்ஷனோடு போகும்போது கடினமாகத் தெரிந்தால் அது உங்கள் பிரமை இல்லை.

## 5. ஆப்ஷனை நடத்தத் தெரிய வேண்டும்

நான்கு ஆப்ஷன் வாங்கியும் பிரயோஜனம் இல்லாமல் ஆடுகிறவர்கள்தான் அதிகம். ஆப்ஷன் உங்களைத் துரத்துவதில்லை. நீங்கள் போன தடத்திலேயே வரும். செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி: எஞ்சின் போன தண்டவாளத்தில்தான் பெட்டிகள், எஞ்சின் நின்றால் பெட்டிகளும் அங்கங்கே நிற்கும்.

இதைக் கைக்குக் கொண்டுவர ஒரு பயிற்சி. ஸ்டேஜ் தொடங்கும் முன் வரும் திறந்த வெளியில் செய்யுங்கள்:

மேலிருந்து கீழே நேராக இறங்கி, சட்டென்று நில்லுங்கள். ஆப்ஷன்கள் உங்களுக்கு மேலே தூண் மாதிரி நிற்கும். இப்போது சுட்டால் திரையின் பெரும்பகுதி உயரமும் உங்கள் கையில். அடுத்து, இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் நேராகப் போய் நில்லுங்கள். எல்லாம் ஒரே கோட்டில் பின்னால் நிற்கும். ஒரே இடத்தில் சுடுவதெல்லாம் குவியும், ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸுக்கு இது. பிறகு மூன்றாவதாக, சின்னச் சின்ன அசைவில் இந்த வடிவம் எப்படிக் கலைகிறது என்று பாருங்கள். வடிவம் அமைந்தபின் தேவையில்லாமல் அசையாமல் இருப்பதுதான் பாதி வித்தை.

ஆப்ஷனுக்குச் சாவு இல்லை. பாறைக்குள் புகுந்தும் நிற்கும். அதனால் நீங்கள் பத்திரமான பள்ளத்தில் நின்றுகொண்டு, ஆப்ஷனை மட்டும் ஆபத்தான உயரத்தில் விட்டுவிட்டு வரலாம்.

## 6. முதல் ஸ்டேஜ், படிப்படியாக

தரை தெரிவதற்கு முன் வரும் கூட்டங்கள்தான் உங்கள் முதலீடு. இங்கே ஒரு வரிசையையும் தவறவிடாதீர்கள். திரையின் இடப்பக்க மூன்றில் ஒரு பங்கில் நில்லுங்கள். முன்னால் போனால் வருகிறதைப் பார்க்க நேரம் இருக்காது.

தரை வந்ததும் கீழே உள்ள பீரங்கிகளை மிசைல் பார்த்துக்கொள்ளும். அது விழுந்து தரையோடு ஊர்ந்து போகும். கூரையில் தொங்குவதற்கு மிசைல் உதவாது. அதை நேர் உயரத்துக்குப் போய்ச் சுட வேண்டும், அல்லது மேலே நிற்கும் ஆப்ஷன் சுட வேண்டும். பறக்கும் எதிரிகளை வரிசையாக வெளியே விடும் வாயில்களைக் கண்டதும், அது திறக்கக் காத்திராமல் முதலில் அதை உடையுங்கள்.

கடைசியில் இரண்டு எரிமலை. திரை நகர்வது நிற்கும், கல் மழை பெய்யும். கல்லைச் சுட்டால் உடையும். இடப்பக்கம் பின்வாங்கி, ஆப்ஷனைத் தூணாக நிறுத்தி, விடாமல் சுடுங்கள். கல்லுக்குக் கல் தப்பிக்க ஆடினால் தூண் கலைந்து சுடும் பலம் குறையும். அதன்பின் தப்பிக்கவே முடியாது. இங்கே சாகிறவர்கள் பெரும்பாலும் பயந்து ஓடித்தான் சாகிறார்கள்.

அடுத்து பிக் கோர் என்ற பாஸ். மேலும் கீழும் நகர்ந்துகொண்டே நான்கு கற்றை லேசர் விடும்: இரண்டு மேலே, இரண்டு கீழே. நடு இடைவெளியில், அதன் மையத்துக்கு நேர் எதிரே நீங்கள் நிற்க வேண்டும். அது நகர்ந்தால் நீங்களும் கூடவே. மையத்துக்கு முன்னால் தடுப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றாக உடைந்த பிறகே மையத்தில் அடி விழும். உடலின் மற்ற இடத்தில் எவ்வளவு சுட்டாலும் வீண். பெரும்பாலான ஸ்டேஜ்களின் முடிவில் இதே ஆள்தான் வருவார், அதனால் இங்கேயே நன்றாகப் பழகிவிடுங்கள்.

## 7. செத்த பிறகுதான் ஆட்டம்

செத்தால் எல்லா ஆயுதமும் போகும், வேகமும் சேர்த்து. குறிப்பிட்ட ஒரு பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஆட்டத்தைப் பாதியில் விடுகிறவர்கள் இங்கேதான் விடுகிறார்கள். ஆனால் இதற்குத்தான் தயாரிப்பு அதிகம் செய்ய முடியும்.

முதல் விஷயம்: சாகும்போது மீட்டரில் ஏதாவது ஒரு கட்டம் எரிந்துகொண்டிருந்தால், திரும்ப வரும்போது ஸ்பீட் கட்டம் எரியும். இறங்கியதும் ஒரு ஸ்பீட் இலவசம். மீட்டர் காலியாக இருந்து செத்தால் அதுவும் இல்லை. ஆகவே ஆபத்தான இடத்துக்குள் போகுமுன் எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள். ஒரு கேப்சூலாவது மீட்டரில் கிடக்கட்டும்.

இரண்டாவது: ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு மறுதொடக்க இடத்துக்கும் ஒரு பக்கம். அதில் நான்கு விஷயம் போதும்: முதல் கேப்சூல் எந்த எதிரியிடம், திரையில் எந்த உயரத்தில், இரண்டாவது எங்கே, முதல் பீரங்கிக்கு முன் எத்தனை சேரும். எதிரிகள் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில்தான் வருவார்கள். அதனால் எழுதியது வீண் போகாது. மூன்று ஸ்டேஜுக்கு எழுதி முடித்தாலே ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது: சேமிக்கும் வசதியை முழு ஆயுதத்தோடு இருக்கும்போது பயன்படுத்தாதீர்கள். செத்து எழுந்த நொடியில், வெறுங்கையோடு நிற்கும்போது சேமியுங்கள். அங்கிருந்து ஸ்பீட், மிசைல், முதல் ஆப்ஷன் வரை சேர்க்கப் பழகுங்கள். குண்டு மூக்குக்கு நேரே வரும்போது சேமித்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அங்கேயே சாவீர்கள். சேமிக்க ஒரே இடம் உள்ள பதிப்பில் இது பெரிய தலைவலி.

டபுளுக்கு மரியாதை கிடைப்பதும் இங்கேதான். மூன்றே கேப்சூலில் மேல்நோக்கிச் சாய்வாகச் சுடக் கிடைக்கிறது. கூரைப் பீரங்கி நிறைந்த இடத்தில் இறங்கினால் ஆப்ஷனுக்கு ஐந்து சேரும்வரை காத்திருக்க உயிர் இருக்காது. டபுள் வாங்கிப் பிழைத்து, பிறகு வசதியானதும் லேசருக்கு மாறுங்கள்.

## 8. மற்ற ஸ்டேஜ்கள், சுருக்கமாக

இரண்டாவது, கல் கட்டைகள் மிதக்கும் இடம். வழியை அடைக்கும் சுவரைச் சுட்டு உடைத்துப் பாதை போட வேண்டும்; லேசர் இல்லாமல் நுழைந்தால் நேரம் பற்றாது.

மூன்றாவதில் ஈஸ்டர் தீவின் மோஆய் என்ற கல்முகச் சிலைகள் வாயிலிருந்து வளையம் துப்பும். வளையத்தைச் சுட்டு அழிக்கலாம். சிலைக்கு வாய் திறந்திருக்கும்போது வாயில் பட்டால்தான் அடி. ஆப்ஷனைத் தூணாக வைத்துக்கொண்டு பல உயரத்தில் உள்ள வாய்களை ஒரே நேரத்தில் சுடுங்கள்.

நான்காவது, முதல் ஸ்டேஜைத் தலைகீழாகக் கவிழ்த்தது. எரிமலை மேலே தொங்கும். ஐந்தாவதில் நீண்ட கைகளோடு மிதந்து வருகிறவை உங்களை நோக்கி வரும். கையைச் சுட்டுக் குண்டை வீணாக்காமல் நடுவைச் சுடுங்கள். ஆறாவதில் பெரிய உயிரணுக்கள். ஏழாவது கோட்டை, இடுக்கான வழிகள். ஸ்பீட் அதிகம் வாங்கியவர்களுக்கு இங்கே தெரியும் வலி. கடைசியில் இருக்கும் மூளை திருப்பிச் சுடவே சுடாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஃபேமிகாம் பதிப்பில் ஆட்டத்தை நிறுத்தி வைத்து அழுத்தினால் மிசைல், ஆப்ஷன், கவசம் கிடைக்கும், ஸ்பீட் கிடைக்காது. ஆர்கேட் பதிப்பில் அது வேலை செய்யாது. சூப்பர் நின்டெண்டோவின் கிரேடியஸ் மூன்றில் அப்படியே போட்டால் உங்கள் கப்பல்தான் வெடிக்கும்.

ஏழு ஸ்டேஜும் முடிந்தால் ஆட்டம் நிற்காது, முதலிலிருந்து இன்னும் கடினமாகத் தொடங்கும். அப்போது சுட்டு வீழ்த்திய எதிரியிடமிருந்தே ஒரு குண்டு உங்களை நோக்கி வரும். அதனால் இரண்டாம் சுற்றில் மூக்குக்கு அருகே வந்த எதிரியைச் சுடாதீர்கள். தூரத்தில் இருக்கும்போதே முடியுங்கள், அல்லது விலகி வழிவிடுங்கள். நோட்டில் இரண்டாம் சுற்றுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.